வீட்டிலிருந்து வீட்டுக்கு, சும்மா

எங்கள் கிழக்குக் கரையில் கல்யாணம் என்றால் வீடு மாறுவது ஆண்தான். பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குக் குடிபோவான். நான் நிந்தவூரில் பிறந்து சாய்ந்தமருதுக்குக் குடிவந்தவன். வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் தெருவில் ஏதாவது வாய்த்தர்க்கம் வந்தால் என்னை 'நிந்தவூரார்' என்பார்கள். நிந்தவூருக்குப் போனால் 'சாய்ந்தமருது மாப்பிள்ளை' என்பார்கள். இரண்டு ஊரும் என்னை அடுத்த ஊர்க்காரனாகவே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கின்றன.

இரண்டுக்கும் நடுவில் காரைதீவு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த காலமெல்லாம், பின்னேரம் அசர் தொழுதுவிட்டுச் சைக்கிளை எடுத்தால் காரைதீவைக் கடந்து உம்மாவின் முற்றத்தில்தான் கால் ஊன்றுவேன். அங்கே ஒரு தேத்தண்ணி. உம்மா ஏதாவது குறை சொல்வா, நான் அதற்கு ஏதாவது சாட்டுச் சொல்வேன், பொழுதுபடும் மஃரிபுத் தொழுகைக்கு முன் திரும்பிவிடுவேன். போகும்போது என் மனைவி ஒரு பெட்டியில் பொரித்த மீனோ எதுவோ கொடுத்துவிடுவாள். வரும்போது அதே பெட்டியில் உம்மாவின் மாசிச் சம்பல் இருக்கும். வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்புவது இரண்டு பேருக்கும் மானப் பிரச்சினை. பென்சன் எடுத்த பிறகும் இந்த வேலையிலிருந்து மட்டும் எனக்கு ஓய்வு கிடைக்கவில்லை, நான் கேட்கவுமில்லை.

போன வருடம் பிரதான வீதியில் ஒரு பஸ் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. நான் மரியாதையாக ஓரம் கொடுத்தேன். கொடுத்த ஓரத்தில் வடிகான் இருந்தது. வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்து, உள்ளே ஒரு தகடு வைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அழுதுகொண்டு ஓடி வந்த என் மனைவி கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெட்டி எங்க?" என்று கேட்டாள்.

கட்டு அவிழ்த்த அன்று அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"இஞ்சருங்க, இனி மெயின் ரோட்டால சைக்கிள்ள போறண்டா, போய் நிந்தவூர்லேயே இரிங்க. திரும்பி இஞ்ச வராதீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கூடுதலாகக் கோபம் வந்தது. பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஏறும்போது கைகொடுக்கிற நடத்துநர் எப்போதும் அந்தத் தகடு வைத்த கையைத்தான் பிடித்து இழுத்தார். மருமகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்குவார், ஆனால் எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நிற்பார். அவரும் எங்கள் வீட்டுக்குக் கல்முனைக்குடியிலிருந்து குடிவந்தவர், அவருக்கும் பார்க்க ஓர் உம்மா இருக்கிறா. இப்படியாக என் தினப் பயணம் கிழமைக்கு ஒருநாள் என்று சுருங்கியது. ஏன் வரவில்லை என்று உம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருப்பேன். கேட்காமல் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பஸ் இல்லாத வழி ஒன்றும் இருந்தது. மேற்கே வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், வாய்க்கால் கட்டோடு போகிற வழி. பாதிப்பேர் அதால்தான் போய்வருவார்கள். ஆனால் காரைதீவு முடிந்து நிந்தவூர் தொடங்கும் இடத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே இரண்டு தென்னங்குற்றிகளைப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். என் மணிக்கட்டு அந்த நாட்களில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவே யோசித்தது.

இந்த நிலையில்தான், ஊர்களை இணைத்து நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஒரு பாதை போடப்போகிறார்கள், அதற்குக் கூட்டம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். நான் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் இருந்தேன்.

திட்டத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இங்கே வந்து சில மாதம்தான். நல்ல பிள்ளை, எல்லாரையும் பேசவிட்டார். அதுதான் அவர் செய்த பிழை. ஒருவர் கடற்கரையோடு பாதை வேண்டும் என்றார், லைட்டோடு. இன்னொருவர் பொத்துவிலுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் வழியில் இறங்கி நம்மட பாதையில் நடப்பார்கள் என்றார். ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நட்டு, முன்னால் நின்று படம் பிடிக்க இடம் வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தது. எந்த ஊரின் பெயர் என்பதில் முக்கால் மணித்தியாலம் போனது. கடைசியில் நான் எழும்பி, எனக்கு லைட்டும் வேண்டாம் எழுத்தும் வேண்டாம், வட்டைக்குள் ஒரு சின்னப் பாலம் போதும் என்றேன்.

"அந்தத் துண்டில ஆக்கள் போகினமோ, சேர்?" என்று பொறியியலாளர் கேட்டார். "தேவை இருக்கெண்டு நான் மேல காட்டவேணும். படிவம் தாறன், நிரப்பித் தருவீங்களோ?"

கணக்கு வாத்தியாரிடம் படிவம் கொடுப்பது போல் ஆபத்து வேறில்லை. எங்கிருந்து, எங்கே, எதற்காக என்று மூன்று கட்டங்கள். ஒரு கிழமை முழுக்கப் பின்னேரங்களில் வட்டை வழிக்குப் போகிற முடக்கில் கதிரை போட்டு இருந்து, வந்த ஒவ்வொரு சைக்கிளையும் மறித்தேன். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நம் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்பது என் கொள்கை.

"எங்கருந்து வாறீங்க?"

"ஊட்டருந்து, சேர்."

"எங்க போறீங்க?"

"ஊட்ட."

"என்ன விசயமா?"

"சும்மா."

எழுதினேன். எழுத்துத் தமிழில் திருத்தி, அழகான கையெழுத்தில். எங்கிருந்து: வீடு. எங்கே: வீடு. எதற்காக: சும்மா. அடுத்தவரும் அதையே சொன்னார், அதற்கடுத்தவரும். கட்டுக்கட்டாக நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, என் பாலம் வந்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் பொறியியலாளர் டெலிபோன் எடுத்தார். குரலில் சங்கடம். வட்டைத் துண்டைத் திட்டத்திலிருந்து எடுக்கப்போகிறாராம்.

"சேர், கோவிக்காதேங்கோ. உங்கட படிவத்தைப் பாத்தால் ஒருத்தரும் ஒரு இடமும் போறமாதிரித் தெரியேல்ல. வீட்டில வெளிக்கிட்டு வீட்டுக்கே வருகினம். அதுவும் சும்மா. இதைக் காட்டிப் பாலம் கேட்டால் மேல என்னைப் பாத்துச் சிரிப்பினம்."

டெலிபோனை வைத்துவிட்டு அப்படியே அவருடைய அலுவலகத்துக்கு ஓட்டோ பிடித்தேன். என் அழகான கையெழுத்தாலேயே என் வழியை நான் அடைத்துவிட்டேன்.

"தம்பி," என்றேன், "அது ஒரு வீடில்ல. ரெண்டு வீடு."

"ஒரு ஆளுக்கோ?"

"ஓம். ஒவ்வொரு ஆளுக்கும்."

அவர் பேனையை மூடினார். எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சேர், சின்ன வீடு விசயமெல்லாம் அரசாங்கப் படிவத்தில எழுதேலாது" என்றார்.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை, எங்கள் ஊர் ஆண்களின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். எனக்கு வந்த சிரிப்பில் கதிரை ஆடியது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, அவருக்குப் பாடம் எடுத்தேன். எங்களுக்கு ஊடு என்றால் பெண்சாதியின் ஊடு. உம்மாவின் ஊடும் ஊடுதான். எந்த ஊட்டில் நின்றாலும் மற்ற ஊட்டுக்குத்தான் போகிறோம். அந்த வழியில் போகிற சைக்கிளில் பாதி தாயைப் பார்க்கப் போகிறது, மீதி பார்த்துவிட்டு வருகிறது.

"அப்ப 'சும்மா' எண்டால்?"

"வந்து பாருங்க" என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் வந்தார், சப்பாத்தோடு. வாய்க்கால் கட்டால் இருவரும் நடந்தோம். அசர் முடிந்த நேரம், சைக்கிள்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு ஹேண்டிலிலும் ஒரு பை. பொறியியலாளர் மூன்று பேரை மறித்து அதே கேள்விகளைக் கேட்டார். மூன்று பேரும் ஊட்டருந்து ஊட்டத்தான், சும்மாதான். மூன்றாவது ஆளின் பைக்குள் என்ன என்று கேட்டார். உம்மாவுக்குச் சீனி வருத்தத்துக்கு மருந்து என்றார் அவர்.

மண்வெட்டியோடு நின்ற காரைதீவு விவசாயி ஒருவர், நாங்கள் சைக்கிள்களை மறிப்பதைப் பார்த்துக் கிட்ட வந்தார். பாதைக்கு ஓரமாக இருப்பது அவருடைய வயல். அவர் மறுத்தால் இன்னொரு வருடம் இழுபடும் என்று எனக்குப் பயம். விசயத்தைச் சொன்னேன்.

"நானும் பாண்டிருப்பிலருந்து இஞ்ச குடிவந்தவன்தான், சேர்," என்றார். "நீங்க தெக்கால போறீங்க, நான் அம்மாவப் பாக்க வடக்கால போறன். பாதையப் போடுங்க. நெல் வெட்டுமெசின் திரும்புற இடத்தில மட்டும் தூண் நட்டுப் போடாதீங்க."

பொறியியலாளர் அதைக் குறித்துக்கொண்டார். தென்னங்குற்றியடிக்கு வந்ததும், குறித்துக்கொண்டே கால் வைத்தார். குற்றி ஒருபக்கம் உருண்டது. அவர் முழங்கால்வரை வாய்க்காலுக்குள் நின்றார், கொப்பியை மட்டும் தலைக்கு மேலே பிடித்தபடி. விவசாயியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். நான் இடது கையைத்தான் கொடுத்தேன். சேற்றோடு வாய்க்கால் கட்டின் மேல் குந்தியிருந்து அவர் சொன்னார், "சேர், பாலம் தேவைதான்." படிவங்களால் முடியாததைச் சேறு முடித்துவைத்தது.

பெரிய திட்டம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. எந்த ஊரின் பெயரை நடுவது என்ற வழக்கு தீரவில்லை. ஆனால் சின்னப் பாலம் மட்டும் விதைப்புக்கு முன் வந்துவிட்டது, ஒரு கொங்கிறீட் தட்டும் இரண்டு பக்கம் கைபிடியும். என் மனைவி ஓட்டோவில் வந்து இறங்கி, அதன் நடுவில் நின்று இரண்டு தரம் காலால் குத்திப் பார்த்தாள். பிறகு பெட்டியை என் ஹேண்டிலில் கொழுவிவிட்டு, "கெதியா வாங்க" என்றாள்.

உம்மா கதவடியில் இருந்தா. வருடம் ஒன்றாகக் காணாத சைக்கிளைக் கண்டும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் போடு என்று மட்டும் சொன்னா. தேத்தண்ணி வந்தது. நான் கூட்டம், படிவம், சின்ன வீடு, சேறு எல்லாவற்றையும் கதையாகச் சொன்னேன். அவ நன்றாகச் சிரித்தா. சிரித்து முடிந்ததும் கேட்டா.

"எல்லாரையும் எழுதின நீ, என்னய ஏன் மனே எழுதல்ல?"

"உம்மா, நீங்க ஒரு இடமும் போறல்லயே. இது போறவங்கட கணக்கு."

"அப்ப இஞ்ச இருந்து வழி பாக்கிற ஆள எந்தக் கட்டத்தில எழுதுற?"

அத்தனை வருடம் கணக்குப் படிப்பித்த நான் அந்த ஓர் ஆளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். பொறியியலாளர் கேட்ட 'சும்மா'வுக்குப் பொருளும் அப்போதுதான் விளங்கியது: வழி பார்க்க ஓர் ஆள் இருக்கிறா. தேத்தண்ணியை வலது கையால் தூக்கிக் குடித்தேன். உம்மா எழும்பிப் போய், கொண்டுவந்த மீனை எடுத்து வைத்து, பெட்டியைக் கழுவிச் சம்பல் போட்டுத் தந்தா. அடுத்த நாள் அசர் தொழுத கையோடு சைக்கிளை எடுத்தேன்.