கும்பிடு போட்டு டத்தோ ஆனேன்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டத்தோ இல்லை.

இதைப் போன மாதமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை... விரலும் வரவில்லை.

கூலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மனிதவள மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை தேடும் இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்லலாமே என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். இந்தக் காலத்தில் அதற்குப் பெயர் 'பெர்சனல் பிராண்ட்'. கோட்டு போட்டு, கைகட்டி நிற்கும் படம் ஒன்றையும் போட்டேன். கோட்டு மருமகனுடையது. பட்டன் எட்டவில்லை, அதனால்தான் கைகட்டினேன்.

முதல் பதிவுக்குக் கீழே பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் ஆயினா நன்றி சொல்லி எழுதினாள்: "தெரிமா காசே, டத்தோ!"

மலாய் மொழியில் தாத்தாவும் டத்தோதான், சுல்தானிடம் பட்டம் வாங்கிய பெரிய மனிதரும் டத்தோதான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நான் தாத்தா. ஆனால் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது கோட்டு அல்லவா? "அருமை டத்தோ", "வாழ்த்துகள் டத்தோ" என்று வரிசையாக வர ஆரம்பித்தது.

என் மனைவி கமலா எட்டிப் பார்த்தாள்.

"அலமாக்! நீங்க டத்தோன்னா நான் டத்தின் லா. டத்தின் மீன் கழுவ மாட்டா. நீங்களே கழுவுங்க."

"சும்மா விளையாட்டுக்குச் சொல்றாங்க, விடு."

"விளையாட்டுன்னா, இல்லைன்னு ஒரு வரி எழுத வேண்டியதுதானே?"

மீனைக் கழுவினேன். அந்த ஒரு வரியை எழுதவில்லை.

பிறகு ஜொகூர் பாருவிலிருந்து ஓர் இளைஞர் மன்றத்தின் செயலாளர், பரமேஸ்வரி என்ற பெண், செய்தி அனுப்பினாள். "வணக்கம் டத்தோ. இணையத்துல நம்பகமா இருக்கறது எப்படின்னு நீங்க வந்து பேசணும்." சிரிக்காதீர்கள். 'நான் டத்தோ இல்லையம்மா' என்று டைப் செய்தேன். பார்த்தேன். அழித்தேன். கும்பிடும் கை ஒன்றை அனுப்பி வைத்தேன்.

மண்டபத்தில் பேனர், மாலை, பொன்னாடை. பேசி முடித்ததும் ஒருவர் எழுந்தார்.

"டத்தோ, உங்களுக்கு ஜொகூர் பட்டமா, பகாங் பட்டமா?"

நியாயமான கேள்வி. எந்த மாநிலம் கொடுத்தது என்று கேட்பது இங்கே வழக்கம்தான்.

"அதெல்லாம் எதுக்குங்க... நாம சாதாரண மனுஷன்தானே?"

பலத்த கைதட்டல்! அன்று மேடையில் என்னைப் பற்றி நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டவர் மட்டும் கைதட்டவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்திருக்கிறார். அந்த வாரமே பரமேஸ்வரி போன் செய்தாள். டத்தோ போய், சார் வந்திருந்தது.

"சார், குரூப்ல கேக்குறாங்க. கூட்டம் சேரணும்னு நான்தான் வேணும்னே டத்தோன்னு போட்டேனாம். நீங்க டத்தோதானே சார்? ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

அந்தக் குரலில் என்மேல் இன்னும் நம்பிக்கை இருந்தது. அதுதான் சுட்டது.

"இல்லைம்மா."



"அப்ப ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

என்ன சொல்வது? கேட்க நன்றாக இருந்தது என்றா? அதைத்தான் சொன்னேன்.

அன்றே என் பக்கத்தில் எழுதினேன்: 'நான் டத்தோ இல்லை. பரமேஸ்வரி பொய் சொல்லவில்லை. தெரிந்தே திருத்தாமல் இருந்தவன் நான்.' மன்றத் தலைவரையும் நேரில் பார்த்துச் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசு சார் உங்களுக்கு. அந்தப் பொண்ணு செஞ்சதுக்கு நீங்க பழியை ஏத்துக்கறீங்க பாருங்க!"

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக மறுத்தேன். மறுக்க மறுக்க மரியாதைதான் கூடியது. பரமேஸ்வரிக்கு இப்போது செயலாளர் பதவி இல்லை. என் போனையும் அவள் எடுப்பதில்லை. என் பதிவுக்குக் கீழே மட்டும் பாராட்டு இன்னும் வந்துகொண்டிருக்கிறது — என்ன நேர்மை, என்ன நேர்மை என்று.

நல்ல பெயர் எடுத்துவிட்டேன். எடுத்தது அந்தப் பெண்ணுடையதை.