நாற்பத்திரண்டு மணி நேரப் புகை

இது நடந்தது. நம்பாதவர்கள் துடியலூருக்கு வந்து அந்த ஃபர்னஸ் அறையில் ஐந்து நிமிடம் தனியாக நிற்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம். நடுராத்திரி, சுடுகாடு, புளியமரம் எதுவும் இதில் கிடையாது. போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை. பட்டப்பகல். மணி சரியாக 1.50.

செவ்வந்தி ஃபர்னஸ் என்கிற அந்தச் சூளைக்குள் இருபத்துநான்கு வளையங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பம்புக்குள் போகிற சீல் வளையங்கள். பீங்கான் தூளையும் கார்பைடு இழையையும் பிசினில் குழைத்துக் கொடுத்தால், த்ரீடி பிரிண்டர் அதை மயிரிழை கனத்தில் அடுக்கடுக்காக எழுப்பிவிடும். பிறகு அந்தப் பிசின் புகையாக வெளியேறும்வரை மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். நாற்பத்திரண்டு மணி நேரம். அவசரப்பட்டால் புகை உள்ளேயே குவியும். குவிந்தால் வெடிக்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அவள் அண்ணன் அன்புமணி அப்படித்தான் செத்தான். இதே அறையில், பதினோரு மாதம் முன்னால்.

பாதியில் அவனாகவே கதவைத் திறந்துவிட்டான் என்று முதலாளி சசிதர் ஊரெல்லாம் சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் தங்கச்சிக்குப் பிரிண்டரில் வேலை போட்டுக் கொடுத்தார். கூடவே ஒரு காகிதம். 'என் அண்ணனின் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே, கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல அவளுக்குத் தினமும் இருக்கும். அண்ணன் மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும், அது ஒன்றுக்காகவே அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

விபத்துக்குப் பிறகு ஃபர்னஸை அன்றைக்குத்தான் முதல் தடவை ஓட்டுகிறார்கள். முந்தின நாள் ஹோமம் நடந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். கதவுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். ஓர் உயிர் போனதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் இவ்வளவுதான். கேட்டாலே வயிறு எரிகிறது.

1.55. சசிதர் வந்தார்.

"பதினாறு மணி நேரம் வெச்சுடு கண்ணு. நாளைக்குச் சாயங்காலம் பார்ட்டி வர்றாங்க."

"பதினாறு வெச்சுத்தானுங்க அண்ணன்..."

"கதவத் தொறந்தது அவன் தப்பு. நீயே எழுதிக் குடுத்திருக்கியே அம்மணி."

கண்ணு, அம்மணி. தேனொழுகப் பேசியே ஆளைக் குழியில் தள்ளுகிற வித்தை. செவ்வந்தி 16 என்று அழுத்தினாள். அவர் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்.

2.04. திரையைப் பார்த்தாள். 42.

கை தவறியிருக்கும் என்று மறுபடியும் 16 அழுத்தினாள்.

2.09. இந்தத் தடவை கண்ணெதிரிலேயே மாறியது. பொத்தான் தானாக அமுங்கி எழுந்தது. டிக்... டிக்... ஒன்று நான்கானது. ஆறு இரண்டானது. 42.

அவள் அதற்கப்புறம் அதைத் தொடவில்லை.

5.20. சூடு இருநூறு டிகிரியைத் தாண்டிவிட்டது. பிசின் கருகுகிற நேரம். அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும், அண்ணன் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாது. இப்போது கதவு இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தாள். ஒரு துளி நாற்றம் இல்லை.

5.26. உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

ஹ்ஹ்ஹ்...

மூச்சு. ஆழமாக இழுக்கிற மூச்சு.

ஹ்ஹ்ஹ்...

இழுப்பது மட்டும்தான் கேட்டது. விடுகிற சத்தம் வரவே இல்லை.

"நாப்பத்திரண்டு வெச்சது யாரு?" பின்னால் சசிதர்.

"நானில்லீங்க."

அவர் அவளைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். அமுங்கவில்லை. கட்டை விரலால் ஊன்றி அழுத்தினார். உள்ளிருந்து இன்னொரு விரல் எதிர்த்துத் தள்ளியது.

ஹ்ஹ்ஹ்...

அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள... என்ன அது?"

செவ்வந்திக்குப் பயம் போய்விட்டது. பதினோரு மாதக் கோபம் மட்டும் மிச்சமிருந்தது.

"கதவத் தொறந்து பாருங்க சார். எங்கண்ணன் தொறந்தான்னு சொன்னீங்கல்ல."

கதவின் கைப்பிடி தானாக மெல்ல அசைந்தது.

"அவன் தொறக்கல..." சசிதர் பின்வாங்கினார். "கதவு தானாத்தான் தெறிச்சுது... அவன் தொறக்கல..."

கைப்பிடி நின்றது.

அவர் ஓடிவிட்டார்.

திங்கள் காலை 8.10. வளையங்கள் வெளியே வந்தன. இருபத்துநான்கிலும் ஒரு கீறல் இல்லை. சசிதரும் சட்டை கசங்காமல் வந்து நின்றார். "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று நாக்கூசாமல் கேட்டார்.

செவ்வந்தி அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. மெக்கானிக் வந்து பார்க்காமல் இனி ஃபர்னஸைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிரிண்டரில் இருந்தவர்களும் அவளோடு எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சசிதர் ஆள் அனுப்ப, கணபதி என்கிற ஊரிலிருந்து மெக்கானிக் வெங்கடபதி வந்தார். பின்பக்கச் சுவருக்குள் போகிற புகைக்குழாயைக் கழற்றினார். பத்து லோடுக்கு ஒருமுறை அதைச் சுரண்டிக் கழுவ வேண்டும். ஒரு நாள் வேலை நிற்குமே என்று சசிதர் கழுவ விட்டதே இல்லை. தார் இறுகிக் கல்லாகி, ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்திருந்தது.

"இது இப்ப அடைச்சதில்லீங்க. ஒரு வருசம் ஆயிருக்கும். அன்னிக்குக் கதவு தெறிச்சதே இதனாலதான்" என்றார் வெங்கடபதி.

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணா" என்றாள் செவ்வந்தி. அவர் எழுதினார். அவள் சசிதர் பக்கம் திரும்பினாள். "என்னோட காயிதத்தக் குடுங்க சார்."

வேலைக்குத் திரும்பாமல் நின்ற எல்லார் முன்னாலும் சசிதர் அதை எடுத்துவந்து கொடுத்தார். அவள் நாலாகக் கிழித்தாள்.

வெங்கடபதி மட்டும் குழாயைக் கீழே வைக்கவில்லை. அதையும் ஃபர்னஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு மட்டும் புரியலீங்க. ஃபர்னஸுக்குள்ள கால்வாசிப் புகை தங்கியிருந்தாலே நீங்க யாரும் இங்க நின்னுட்டிருக்க மாட்டீங்க. வெளிய போகவும் வழியில்ல, ரூமுக்குள்ளயும் வரலைங்கறீங்க. நாப்பத்திரண்டு மணி நேரப் புகை... அத்தனையும் எங்கதானுங்க போச்சு?"