பிரபு குரல் கொடுக்கணும்

சமையல்காரி தெர்சா தட்டுமூடியில் கரண்டியால் ரெண்டு தட்டு தட்டி, "லெவன்சஸ்! வாங்க, வயித்தைக் காயப்போடாதீங்க!" என்று கூவினால், இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்து அந்த முதியோர் விடுதியில் மணி பதினொன்று. நாலு மணி ரொட்டிக்கு 'ஃபோர்சஸ்'. கருக்கலுக்கு 'ஆந்தை வெளிச்சம்'. சுவர்க்கடிகாரத்தை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"சிற்றுண்டின்னு சொல்லேன், தெர்சா," என்பார் மேட்ரன்.

"அது பட்டணத்துக்காரங்க கொறிக்கிறது, மேடம். இவங்க வயக்காட்டு வெயில்ல வெந்தவங்க."

பருத்த உடம்பு, முழங்கை வரை மாவு, ஓயாத வாய். ரொட்டியையும் வெங்காயத்தையும் துணியில் முடிந்துதான் கொடுப்பாள். தட்டில் வைத்தால் ருசி ஓடிவிடுமாம்.

போன வாரம் எஸ்ரா கட்டிங் என்ற கிழவர் வந்து சேர்ந்தார். வந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

தெர்சாவுக்கு மனசு ஆறவில்லை. இயந்திரம் வருவதற்கு முந்தைய அறுப்புக் காலத்தில் எஸ்ராதான் ஆட்களுக்குத் தலைவர். 'பிரபு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அரிவாளை நிறுத்திக் குரல் கொடுத்த பிறகுதான் யாரும் ரொட்டி முடிச்சைப் பிரிப்பார்கள். தெர்சாவின் அப்பாவுக்கு நெஞ்சு இளைப்பு. அவர் மூச்சு வாங்கினால் பிரபு கொஞ்சம் முன்னாலேயே குரல் கொடுத்துவிடுவார். "எங்கப்பா எங்களுக்கு மிஞ்சினாருன்னா, அது அவர் புண்ணியம்," என்று மேட்ரனிடம் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த மனுஷன் அடுத்தவர் கூவிக் கூப்பிட்டு என்றைக்குச் சாப்பிட்டார்?

அன்று நாலு மணிக்கு அவள் மூடியைத் தட்டவில்லை. கூடத்தில் எல்லோர் முன்னும் முடிச்சை வைத்துவிட்டு எஸ்ராவிடம் போனாள்.

"பிரபு, ஆளுங்க களைச்சுட்டாங்க. நிறுத்தலாமா?"

அவர் ஜன்னல் வெயிலைப் பார்த்தார். "அறுக்க இன்னும் ஒரு வரிசை பாக்கி."

"எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குது, பிரபு."

கிழவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். "ஃபோர்சஸ்!"

கூடமே அதிர்ந்தது. அடேயப்பா, அந்த எலும்புக்கூட்டுக்குள் அவ்வளவு குரல்! கிழங்கள் எல்லாம் முடிச்சை அவிழ்த்தன. கடைசி ஆள் வாயில் வைக்கும்வரை அவர் நின்றார். பிறகு உட்கார்ந்து தன் ரொட்டியைப் பிட்டு, பெரிய பாதியைத் தெர்சாவிடம் நீட்டினார்.

"உங்கப்பன்கிட்ட குடு. மெதுவா தின்னச் சொல்லு."

அப்பா போய் எத்தனையோ வருஷம். தெர்சா ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

எஸ்ரா வெங்காயத்தைக் கடித்தார்.