மஹ்பூபாவின் வேட்டை லைசன்ஸ்

மஹ்பூபா அமெரிக்காவில் வாங்கிய முதல் லைசன்ஸ் கார் ஓட்டுவதற்கு. இரண்டாவது வேட்டையாடுவதற்கு. இரண்டுக்கும் நடுவில் ஏழு மாதம்.

2003இல் அவள் கணவன் ஹாஜா நஜ்முதீனுக்கு டெக்சாஸில் சான் ஆஞ்செலோவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்தது. மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. கீழக்கரையில் ஏழு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி நடத்திய மஹ்பூபா, மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் வந்தாள். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. மகள் ஹஃப்சாவைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டால் மாலை மூன்றரை வரை செய்ய ஒன்றுமில்லை. அந்த ஊரில் மொத்தம் மூன்று தமிழர்கள். மூவரும் அவள் வீட்டில்தான் இருந்தார்கள்.

பக்ரீத்துக்கு ஆடு தேடிப் போனபோது லொரீன் ஹேட்ச் பழக்கமானாள். ஐம்பது வயது, தனி ஆள், நானூறு ஏக்கர் முள்காடு, இருநூறு ஆடு. ஆட்டைத் தானே அறுத்துக்கொள்வதாக ஹாஜா சொன்னபோது, கத்தி கூர்மையா என்று மட்டும் கேட்டாள்.

2005 பிப்ரவரியில் லொரீனின் ஆடுகள் குட்டி போட்டன. பத்து நாளில் நாலு குட்டி செத்துக் கிடந்தது. பாப்கேட் வேலை என்றாள் லொரீன். அது வீட்டுப்பூனையைப் போல இரண்டு மடங்கு பெரிய, குட்டை வால் காட்டுப்பூனை. அவள் நிலத்தில் பட்டியை ஒட்டி ஒரு பரண் இருந்தது. நாலு கால்மேல் மரப்பெட்டி, சுற்றிலும் சின்னச் சின்ன ஜன்னல். அதில் ஒளிந்துகொண்டு, அடிபட்ட முயல் கத்துவதுபோல ஊதலை ஊத வேண்டும். கயோட்டி என்கிற ஓநாய் ஜாதி என்றால் ஓடி வந்துவிடும். பாப்கேட் பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து யோசித்துவிட்டு வரும். முக்கால் மணி நேரமாவது ஆடாமல் இருக்க வேண்டும்.

லொரீனால் அது முடியாது. டிராக்டர் ஓட்டி ஓட்டி இடது காது போயிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காப்பி வேறு. காது கேட்கிற ஆள் ஒன்று கூட இருந்தால் நல்லது என்று மஹ்பூபாவைக் கூப்பிட்டாள். முதல் நாள் மஹ்பூபா ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. லொரீன் அவள் தோளைத் தொட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தாள்.

அடுத்த வாரம் வீட்டில் பேச்சு வந்தது.

"ஏங்க, மிஸ் லொரீன் லைசன்ஸ் எடுக்கச் சொல்றாங்க."

"அதான் எடுத்துட்டியே."

"இது ஹண்டிங் லைசன்ஸ்."

ஹாஜா சாப்பிடுவதை நிறுத்தினான். "மஹ்பூ, கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம். என் பேரு ஹாஜா நஜ்முதீன். நீ போய் துப்பாக்கி பிடிச்சா என்ன நினைப்பாங்க?"

"பூனையைச் சுடறான்னு நினைப்பாங்க."

அவன் வக்கீலுக்குப் போன் செய்தான். வக்கீல் இரண்டு நாள் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: எச்-4காரர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆனால் நடப்பு வேட்டை லைசன்ஸ் இருந்தால் வைத்திருக்கலாம். ஹாஜா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். லைப்ரரியில் சம்பளத்துக்குப் புத்தகம் அடுக்க முடியாத அவன் மனைவி ரைஃபிள் வைத்துக்கொள்ளலாம்.

லைசன்ஸுக்காகத் தீயணைப்பு நிலையத்தில் இரண்டு நாள் வகுப்பு. மற்ற மாணவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு, பதிமூன்று வயது. மஹ்பூபா நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினாள். போன இரண்டு மார்க்குக்காக வாத்தியாரோடு கால் மணி நேரம் வாதாடினாள். ஒன்றரை மணி நேரத் தொலைவிலிருந்த பள்ளிவாசல் இமாமுக்கும் போன் போட்டுக் கேட்டாள். கால்நடைக்குக் கேடு என்றால் கொல்லலாம், விளையாட்டுக்குக் கூடாது என்றார் அவர்.

மார்ச் முதல் வாரம் ஒரு புதன்கிழமை பாப்கேட் வந்தது. ஊதத் தொடங்கி ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கருவேலம் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதை மட்டும் திருப்பியது. மஹ்பூபா சுட்டாள். ஒரே குண்டு. லொரீன் தோலை உரித்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்து, மீன் குழம்பு வைத்தாள்.

"உம்மா, டிட் யூ ஃபீல் பேட்?" என்று கேட்டாள் ஹஃப்சா.

"இல்ல. குட்டியைத் தின்னுச்சுல்ல."

ஒரு நாள் விட்டு மறுநாள் இன்னொரு குட்டி செத்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு.

மஹ்பூபா செத்த குட்டியைப் புரட்டிப் பார்த்தாள். பாப்கேட் தொண்டையைக் கடிக்கும், தின்னும், மிச்சத்தைச் சருகு போட்டு மூடும் என்று வகுப்புப் புத்தகத்தில் இருந்தது. இந்தக் குட்டியை யாரும் தின்னவில்லை. காது கிழிந்திருந்தது. உடம்பெல்லாம் எச்சில்.

அடுத்த நாள் அவள் தனியாகப் பரணில் ஏறினாள். காட்டைப் பார்க்கவில்லை, பட்டியைப் பார்த்த ஜன்னலில் உட்கார்ந்தாள். ஊதவுமில்லை. ஒன்பது மணிக்கு பிஸ்கட் வந்தது. பிஸ்கட் லொரீனின் காவல் நாய். வெள்ளை, பெரிய உடம்பு, ஒரு வயது. பகலில் ஆட்டோடு இருக்கும், இரவில் லொரீனின் கட்டிலில் தூங்கும். அது ஒரு குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கி ஓடியது, கீழே போட்டது, எழுந்ததும் மறுபடி பிடித்தது. மஹ்பூபா இறங்கித் தமிழில் கத்திக்கொண்டே ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் குட்டி முடிந்துவிட்டது. பிஸ்கட் வாலை ஆட்டிக்கொண்டு அவளிடம் வந்தது.

லொரீன் நம்பவில்லை.

"உங்க ஆளுங்களுக்கு நாய் ஆகாது. எனக்குத் தெரியும்."

"ஆகுது, ஆகலைன்றது வேற. நான் பார்த்தேன்."

"ஏதோ ஒண்ணு கடிச்சுப் போட்டிருக்கும். இவன் தூக்கிட்டு வந்திருப்பான்."

"மூணு நாள் என்கூட உட்காருங்க. அசையாம."

நாலு நாள் லொரீன் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை ஹஃப்சாவின் பேருந்து போன கையோடு அவளுடைய பிக்கப் டிரக் வாசலில் வந்து நின்றது.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பிஸ்கட் ஒரு குட்டியைக் காலைப் பிடித்து இழுத்தது. லொரீன் ஜன்னல் வழியாக அதட்டினாள். நாய் விட்டது. குட்டி நொண்டியபடி தாயிடம் போனது. லொரீன் மஹ்பூபாவின் மடியிலிருந்த ரைஃபிளுக்குக் கை நீட்டினாள்.

"ஆட்டைத் தொட்ட நாயை இங்க வெச்சுக்க மாட்டாங்க. குடு."

மஹ்பூபா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அது விளையாடுது, மிஸ் லொரீன். சாகும்னு அதுக்குத் தெரியாது. ஆடு இல்லாத வீடு எதுவும் இல்லையா?"

லொரீன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு, அபிலின் நகரத்தில் தங்கை இருப்பதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நாயைக் கொண்டுபோக லொரீனால் ஓட்ட முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மஹ்பூபாதான் ஓட்டினாள். பிஸ்கட் பின்சீட்டிலிருந்து அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அபிலின் வரை தூங்கியது. வீட்டுக்கு வந்து, நாய் எச்சில் பட்ட தோளை மஹ்பூபா மார்க்கம் சொல்கிறபடி ஏழு தடவை கழுவினாள், ஒரு தடவை மண் போட்டு.

"அந்தப் பூனை ஒண்ணும் பண்ணலைங்க," என்றாள் ஹாஜாவிடம்.

"அது உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"பார்த்துட்டுச் சுட்டிருக்கணும்."

மூன்று நாள் நோன்பு வைத்தாள். வைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் அதன்பிறகு ஒரே ஒரு குட்டிதான் செத்தது, குளிரில். மஹ்பூபா வருடாவருடம் லைசன்ஸைப் புதுப்பித்தாள். வாரம் இரண்டு காலை பரணில் உட்கார்ந்தாள். நாலு வருடத்தில் இரண்டு கயோட்டிகளைச் சுட்டாள். இரண்டும் பட்டி வேலிக்குள் குட்டியைக் கவ்விக்கொண்டு நின்றவை. பாப்கேட் பல தடவை வந்து உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போனது.

2008இல் கிரீன் கார்டு வந்தது. அடுத்த மார்ச்சில் ஹாஜாவுக்கு நியூஜெர்சியில் வேலை கிடைக்க, ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்குக் கிளம்பினார்கள். மஹ்பூபாவுக்கும் அங்கே ஒரு மருந்து லேபில் வேலை பேசியாகியிருந்தது. வழியனுப்ப வருவதாகச் சொன்ன லொரீன் வரவில்லை. அன்று காலை ஒரு ஆட்டுக்கு வயிற்றில் குட்டிகள் குறுக்கே திரும்பிக் கிடந்தன. மத்தியானம் ஏர்போர்ட்டில் இருக்கும்போது போன் வந்தது. தாயும் இரண்டு குட்டியும் பிழைத்துவிட்டதாகச் சொன்னாள்.