ஐந்தாம் நாள் கட்டு

லிஃப்ட்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். பதினான்கு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்றபடி, எண்ணெய்ப் பிசுக்கேறிய கம்பிவடத்தை விரலால் தடவிப் பழுது பார்ப்பவர். அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். அவருக்கு இருபத்திரண்டு வருடமாக ஒன்றும் செய்ததில்லை. ஆனால் ஊசி ஆகாது. ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே காது அடைத்துக்கொள்ளும்.

நாற்பத்தாறு வயதில் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பே முன்தோல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. வெடிப்பு ஆறும், தழும்பாகும், மறுபடி வெடிக்கும். ஒவ்வொரு முறையும் தோல் இன்னும் கொஞ்சம் இறுகியது. கடைசியில் பின்னுக்குத் தள்ளவே வரவில்லை. இரண்டு வருடம் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மனைவியிடம்கூட முதுகுவலி என்று சொல்லித் தள்ளிப் படுத்தார். வேலைக்கு நடுவே ஒருநாள் சிறுநீர் அடைத்துக்கொண்டு துடித்தபோதுதான் அவராகவே போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"முன்தோலை எடுத்துடலாம். அரைமணி நேர வேலை," என்றார் டாக்டர்.

அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சுற்றிலும் தையல் போட்டு, அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். வேலை செய்யும் இடத்திலும் உறவினர்களிடமும் குடலிறக்கம் என்று சொல்லியிருந்தார். உண்மை தெரிந்த ஒரே ஆள் மனைவி. அவளையும் பார்க்க விடவில்லை.

"சின்னப் பிள்ளையா நீங்க? காட்டுங்க," என்றாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ ஆபீசுக்குக் கெளம்பு."

நல்லாத்தான் இருக்கவில்லை. மூன்றாம் நாள் தையலுக்குக் கீழே வளையம்போல வீங்கி, தோல் கருநீலமாகிவிட்டது. விடியற்காலையில் தூக்கத்திலேயே விறைத்துக்கொள்ளும்; தையல் தெறித்துவிடும் என்று பதறி எழுந்து, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். நான்காம் நாள் காயத்தின்மேல் மஞ்சளாக ஏதோ படிந்தது. சீழ் என்று முடிவு கட்டினார். கூட வேலை பார்த்த எலக்ட்ரீஷியனுக்குச் சர்க்கரையால் கால் கட்டைவிரல் அழுகி, விரலையே எடுத்தார்கள். அந்த வெள்ளைக் கட்டு கண்முன் வந்தது. விரலுக்குப் பதிலாக எதை எடுப்பார்கள் என்று நினைத்ததும் ஃபோனை எடுத்தார். தேடிப் பார்த்தார். அதில் வந்த படங்கள் இருந்த கொஞ்சநஞ்சத் தைரியத்தையும் துடைத்தெடுத்துவிட்டன.

ஐந்தாம் நாள் காலை, கட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததை மறந்து, ஒட்டியிருந்த துணியை அப்படியே இழுத்தார். சுரீர் என்றது. ரத்தம் தொடையில் இறங்கி, குளியலறைத் தரையில் கோடு போட்டது.

கதவைத் தட்டினாள் மனைவி. "இவ்வளவு நேரமா உள்ள என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா குரல் ஏன் நடுங்குது? தெறங்க."

திறந்தார். அவள் கத்தவில்லை. சுத்தமான துணியை நாலாக மடித்து, ரத்தம் வந்த இடத்தில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"செத்துருவேனா?"

"பேசாதீங்க. பத்து நிமிஷம் கையை எடுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. கடிகாரத்தப் பாருங்க."

பத்தாவது நிமிடம் ரத்தம் நின்றிருந்தது. அவருக்குப் பயம் போகவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டுப் போடும் நர்ஸ் நரைத்த மீசைக்காரர். விளக்கைக் கிட்டே இழுத்து நிதானமாகப் பார்த்தார்.

"தையல் பிரியல. இந்த மஞ்சள் சீழ் இல்லீங்க. புண்ணு ஆறும்போது மேல படியுற ஜவ்வு. தேச்சு எடுத்துராதீங்க. சீழ்னா நாறும், சுத்திலும் செவப்பு பரவும், காய்ச்சல் அடிக்கும். அப்படி எதாவதுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம வாங்க. சர்க்கரை மாத்திரைய மட்டும் விட்டுறாதீங்க."

அந்த வாரக் கடைசியில் மனைவியின் அண்ணன் பார்க்க வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், ஓயாமல் பேசுகிறவர்.

"குடலிறக்கம்னாங்க. மாப்பிள்ள ஏன் வாத்து மாதிரி நடக்குறாரு?"

தங்கை அடுப்படிக்குப் போனதும் அவர் முகம் மாறியது. மேசைமேல் கிடந்த ஆஸ்பத்திரிச் சீட்டை விரலால் தொட்டார்.

"படிச்சிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப வலிச்சுதா?"

லிஃப்ட்காரருக்குக் கூச்சத்தில் காது சூடேறியது. "ஊசி போடும்போது உயிர் போச்சு மச்சான். அப்புறம் வலியவிடப் பயம்தான் ஜாஸ்தி. எதுக்குக் கேக்குறீங்க?"

மச்சான் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டார். "எனக்கும் மூணு வருஷமாத் தோல் பின்னால போகல. இப்ப உள்ள ஏதோ கெட்டியாத் தட்டுப்படுது. அப்பப்ப ரத்தமும் கசியுது."

லிஃப்ட்காரர் தன் வீக்கத்தை மறந்தார். "நாளைக்கே போறோம்."

"யாராவது பாத்தா?"

"பாக்கட்டும். நானும் கூட உக்காந்திருப்பேன்."

மறுநாள் காலை இருவரும் போனார்கள். அடுத்த வாரமே மச்சானுக்கும் முன்தோலை எடுத்து, அந்தக் கெட்டியான சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பன்னிரண்டு நாள். அந்த நாட்களில் மச்சான் பேசுவதையே நிறுத்திவிட்டார். லிஃப்ட்காரர் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவர் வீக்கம் வடிந்திருந்தது, தையல் நூல்கள் ஒவ்வொன்றாகத் தானே உதிர்ந்துகொண்டிருந்தன. ஆனாலும் குளிக்கும்போது தொட இன்னும் கை தயங்கியது.

பரிசோதனை முடிவு வந்த உறையை ஆஸ்பத்திரி நடையில் இருவருமே பிரிக்கத் துணியவில்லை. நேராக டாக்டரிடம் நீட்டினார்கள். அவர் இரண்டு பக்கத்தையும் படித்து முடிக்கும்வரை மச்சான் லிஃப்ட்காரரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடி வலித்தது.

"புத்துநோய் இல்ல," என்றார் டாக்டர். "நாள்பட்ட அழற்சி. ஆனா இப்படியே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டணும்."

மச்சான் தலையாட்டினார். வெளியே வந்ததும் பெஞ்சில் சரிந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லிஃப்ட்காரர் அவர் தோளில் கைவைத்தபடி நின்றார்.