உலை மேடையில் உடைத்த பூசணிக்காய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு உருக்காலையில் நான் ஷிப்ட் ஃபோர்மேனாக இருந்தேன். ஸ்க்ராப் என்கிற பழைய இரும்பை இண்டக்‌ஷன் ஃபர்னஸ் என்கிற மின்சார உலையில் போட்டு உருக்கி இங்காட் கட்டிகளாக வார்க்கும் வேலை. இப்போது அந்தப் பக்கம் வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உலையைப் பற்றி உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். முதலாளியைப் பற்றி நான் சொல்கிறேன்.

1. சனிக்கிழமை சரித்திரம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு பெரிய முதலாளி ஓய்வெடுத்துக்கொள்ள, வெளிநாட்டில் படித்த மகன் எம்.டி. ஆனார். அவருக்குச் சரித்திரத்தில் ஒரு பைத்தியம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஷிப்ட் மாறும் நேரத்தில் எங்களை ஷெட்டில் நிற்க வைத்துத் தலைமைப் பண்பு பற்றிப் பேசுவார். வீட்டுக்குப் போகவேண்டியவன் போக முடியாது, வேலைக்கு வந்தவன் தொடங்க முடியாது.

ஒருநாள், எதிரி மண்ணில் இறங்கியதும் தன் படகுகளையே கொளுத்திய தளபதியின் கதை. வீரர்கள் திரும்பி ஓட வழியில்லாமல் போனதால்தான் வெற்றி கிடைத்ததாம். தளபதி தனக்கென்று ஒரு படகை ஒளித்து வைத்திருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு நாள், பாலைவனத்தில் தனக்குக் கிடைத்த தண்ணீரை வீரர்களுக்கு இல்லையே என்று மண்ணில் ஊற்றிவிட்ட ராஜாவின் கதை. அதைச் சொல்லி முடித்த கையோடு டிரைவர் கொடுத்த ஐஸ் பாட்டிலை மடக்மடக்கென்று குடித்துவிட்டுக் காரில் ஏறினார். எங்கள் ஷெட்டில் தண்ணீர் டேங்க் மோட்டார் ரிப்பேராகிக் கிடந்த சமயம் அது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2. அமாவாசை

எல்லா உருக்காலையிலும் அமாவாசைக்குப் பூசணிக்காய் சுற்றுவார்கள். எங்கள் ஆலையில் அதைச் செய்வது உலையில் இரும்பை உருக்கும் மெல்ட்டர் முனிரத்னம். ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுவார். கற்பூரம் வைத்து உலைக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றி, காயைக் கையிலேயே தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் ரோட்டில் உடைப்பார். உலைப் பக்கத்தில் உடைக்கவே மாட்டார். காரணம் எளிது. பூசணி முழுக்க நீர். கொதிக்கும் இரும்புக் குழம்புக்குள் நீர் சிக்கினால் ஆவியாகி வெடிக்கும். மழைக்காலத்தில் ஈர ஸ்க்ராப்பை நாங்கள் தொடாததும் அதனால்தான்.

அந்த அமாவாசைக்கு எம்.டி. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கூடவே போட்டோகிராபர். காயை முனிரத்னத்திடமிருந்து வாங்கிக்கொண்டு ஃபர்னஸ் பிளாட்ஃபாரத்தில் ஏறினார். உலையில் பாதிக் குழம்பு தளதளவென்று இருந்தது. பக்கத்திலேயே அடுத்து உலையில் போடும் சார்ஜுக்கான ஸ்க்ராப் குவியல்.

"சார், இங்க வேணாம் சார். பூரா தண்ணி சார் இது. கேட்டாண்ட ஒடைச்சிக்கலாம்" என்றார் முனிரத்னம்.

"தலைவன்னா வாசல்ல நிக்கக்கூடாது முனிரத்னம், களத்துல நிக்கணும். முதல்ல நம்பிக்கை வேணும்" என்று சொல்லிவிட்டு எம்.டி. ஓங்கி உடைத்தார். காய் சிதறி ஸ்க்ராப் குவியலெங்கும் தெறித்தது. ஃபிளாஷ் அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

முனிரத்னம் குனிந்து துண்டு துண்டாகப் பொறுக்க ஆரம்பித்தார். "கொஞ்சம் டைம் குடுங்க சார், பொறுக்கிக்கினு அப்பால சார்ஜ் பண்றேன்."

"நல்ல நேரம் முடியப்போகுது. சார்ஜ் பண்ணச் சொல்லுங்க" என்று ஒர்க்ஸ் மேனேஜரிடம் சொல்லிவிட்டு எம்.டி. கீழே இறங்கிப் பிரசாதம் வாங்கப் போனார். கீழே குழம்பை ஏந்தும் லேடில் பக்கம் நின்றிருந்த நான், "வேணாம் சார், நிறுத்துங்க!" என்று கத்தினேன். மேனேஜர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிரேனுக்குக் கை காட்டினார். கிரேனின் காந்தம் ஸ்க்ராப்பை அள்ளி உலையில் போட்டது.

டமார் என்ற சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. குழம்பு தெறித்து முனிரத்னத்தின் இடது கையும் கழுத்தும் வெந்துபோயின. நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது களத்துத் தலைவர் கையில் லட்டோடு ஆபீஸ் கதவருகே நின்றிருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

3. தியாகம்

அதே வாரம் என்னை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ஒரு ரிப்போர்ட் தயாராக இருந்தது. பூசணித் துண்டுகளை அகற்றாமல் சார்ஜ் செய்தது மெல்ட்டரின் அஜாக்கிரதை, ஆகவே டிஸ்மிஸ். நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க சீனியர். உங்களுக்குப் புரியும். ஒரு சாம்ராஜ்யம் நிக்கணும்னா யாராவது ஒருத்தர் தியாகம் பண்ணித்தான் ஆகணும். சரித்திரம் பூரா அப்படித்தான்" என்றார் எம்.டி.

"அந்த ஒருத்தர் எப்பவும் மெல்ட்டராவே இருக்காரே, அது ஏன் சார்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுக்குள்ளிருந்து முனிரத்னம் கேட்டார்: "இன்னா நைனா, நான்தான் தப்பு பண்ணேன்னு எழுதிக்கினாங்களாமே? கையி எப்பிடியாச்சும் ஆறிப்போவும். பேரு போச்சுன்னா சிப்காட்ல எவன் என்ன உள்ள உடுவான்? ஊட்ல ரெண்டு பொண்ணு கீது நைனா." பார்வை நேரம் முடியும்வரை அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

திருவள்ளூரிலிருந்து ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். பிளாட்ஃபாரத்திலேயே எல்லோரையும் நிற்க வைத்து, அதிகம் பேசாத அந்த மனிதர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இந்த எடத்துல பூசணிக்காய ஒடைச்சது யாரு?"

மேனேஜர் இளித்தார். "அது வந்து சார்... ஒரு சம்பிரதாயம் சார்."

"சம்பிரதாயத்துக்குக் கை கெடையாதுங்க. யாரு ஒடைச்சது?"

எல்லோரும் எம்.டி.யைப் பார்த்தார்கள். எம்.டி. தன் செல்போனைப் பார்த்தார். அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே அவரை மன்னித்திருப்பேன்.

"எம்.டி. சார்தான் ஒடைச்சாரு. கேட்ல ஒடைக்கச் சொல்லி மெல்ட்டர் கெஞ்சுனாரு. பொறுக்க டைம் கேட்டாரு, குடுக்கல" என்றேன். கிரேன் ஆபரேட்டர் முன்னால் வந்து, "ஆமா சார், நானும் பாத்தேன்" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள்.

டிஸ்மிஸ் பேச்சு அதோடு அடங்கியது. கை தேறியதும் முனிரத்னம் அதே உலைக்கு மெல்ட்டராகவே திரும்பினார். என்னை ஸ்க்ராப் யார்டுக்குத் தூக்கியடித்தார்கள். வெயிலில் லாரி எண்ணும் வேலை. நான் ரிட்டயராகும்வரை அங்கேதான் இருந்தேன், நன்றாகத் தூங்கினேன்.

எம்.டி. திருந்தினாரா என்று கேட்பீர்கள். விசாரணை முடிந்த அடுத்த சனிக்கிழமையே பொறுப்புணர்வு என்ற தலைப்பில் பேசினார். ஏதோ ஒரு தேசத்து மன்னன் தோல்விக்குத் தானே பொறுப்பேற்று முடியைத் துறந்த கதை. கண் கலங்கக்கூடச் செய்தார்.

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பார். எத்தனை ராஜாக்களின் கதை தெரியும் என்பதை வைத்து அவரை எடை போடாதீர்கள். ஏதாவது உடையும் நாளில் 'நான்தான் ஒடைச்சேன்' என்று அவர் வாயிலிருந்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வராவிட்டால், தியாகம் என்று அவர் பேச்செடுக்கும்போதே உலையைவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.