துணி விலகாத ராஜசபை

தருமபுரி பொருட்காட்சியில் ஒரு ஸ்டால் மட்டும் கடைசி நாள்வரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது. உள்ளே, ஞாயிற்றுக்கிழமை டிவி தொடரில் வரும் ராஜசபை அப்படியே பொம்மைகளாக இருந்தது. செய்தவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த தையல்காரர். மெலிந்த மனிதர். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். யோசிக்கும்போது அதன் இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக்கொள்வார்.

பம்பாயில் அந்தத் தொடரை எடுத்தவர்களிடம் அனுமதி கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நான்தான் இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். தபாலில் சேர்ப்பதாகவும் சொல்லியிருந்தேன். பதில் வரும்வரை துணியை எடுப்பதில்லை என்றிருந்தார் அவர். பதில் வரவில்லை. துணியை எடுக்கச் சொல்லிக் கூட்டம் சத்தம் போட்டது.

"தொறந்து வுடுங்க பாய். பம்பாய்ல இருந்து யாரு வந்து பாக்கப்போறாங்க?" என்றேன்.

டேப்பை இழுத்தார். "யாரும் வர மாட்டாங்க சார். ஆனா ஒருத்தர் தைக்கக் குடுத்த சட்டைய, அவரக் கேக்காம இன்னொருத்தருக்குப் போட்டுக்கக் குடுப்பனுங்களா?"

கடைசி நாள் துணிக்குள்ளேயே உட்கார்ந்து பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடுங்க சார், அவங்களுக்கு என்ன வேலையோ" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

இதற்கெல்லாமா அனுமதி என்று நான் தபாலில் போடாமல் விட்ட கடிதம் என் மேஜை டிராயரில் கிடந்தது. பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தேன்.